இளவரசியும் மூணு பாயும்

ஒரு ஊர்ல ஒரு நூடுல்ஸ் கடை இருந்துச்சாம். ஜப்பான்ல, ஆத்தங்கரை ஓரமா. கடையில ஒரு அம்மா, ஒரு பொண்ணு. பொண்ணு பேரு ஷியோரி. அம்மா மாவு பிசைவா, தொம் தொம்முனு. ஷியோரி சூப்பை ஊத்துவா, சளக் சளக்னு. ம் சொல்லு.

"ம்."

அப்புறம் ஒருநாள் அந்த நாட்டு இளவரசர் ஷியோரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். எப்படின்னு கேக்காத, அது வேற கதை. ஷியோரி இளவரசி ஆயிட்டா. அரண்மனைக்குப் போயிட்டா.

"ஜாலியா இருந்தாளா?"

எங்க ஜாலி? அங்க குரோடான்னு ஒரு பெரியவர். இளவரசி எங்க போகணும், எப்படி நிக்கணும், எவ்ளோ சிரிக்கணும், எல்லாம் அவர் சொல்றதுதான். தடி பிரேம் கண்ணாடி. கண்ணாடியோட ஒரு கால் உடைஞ்சு, அதுல வெள்ளை நூல் சுத்தியிருப்பார். பேசினா மூக்கால வரும். "இலவரஸி... இது மொறை இல்லை..."

"இன்னொரு தடவ பேசு அக்கா!"

"இலவரஸி... தூங்காத கொழந்தைக்குக் கதை சொல்றது மொறை இல்லை..." போதுமா? கேளு.

மொத வேலை, கார்ல போகும்போது ஜனங்களுக்குக் கையாட்டணும். ஷியோரி எப்படி ஆட்டினா தெரியுமா? நம்ம ஊர்ல கிளம்பிட்ட பஸ்ஸை நிறுத்த ஆட்டுவோமே, அப்படி. முழுக் கையும் வெளிய! போலீஸ்காரர் நிஜமாவே காரை நிறுத்திட்டார். கிரீச்!

"மணிக்கட்டு மட்டும் ஆடணும், இலவரஸி. முழங்கை மக்களுக்குத் தெரியக் கூடாது."

அப்புறம் ரெண்டாவது வேலை, மரம் நடணும். அங்க மரத்தை முன்னாடியே நட்டு வெச்சுடுவாங்க. இளவரசி மூணு கரண்டி மண்ணு போட்டுட்டு சிரிச்சா போதும். இவ என்ன பண்ணா? மண்வெட்டியைப் புடுங்கி, சதக் சதக்னு குழி மொத்தத்தையும் மூடி, மேல ஏறி மிதிச்சு, தண்ணியும் ஊத்திட்டா. தோட்டக்காரர் கும்பிடறதா ஓடறதான்னு தெரியாம நின்னார்.

"இன்னொரு தப்பு நடந்தா, இந்த வருஷம் முழுக்க இலவரஸி வெளிய வர வேண்டாம்"னுட்டார் குரோடா.

அப்போதான் ஆறு பெருகிடுச்சு. ஷியோரியோட ஊர்ல. கடை, வீடு எல்லாம் போச்சு. ஊர் ஜனம் மொத்தமும் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹால்ல ஆளுக்கொரு பாய் போட்டு உக்காந்திருக்கு.

"ஜப்பான்லயும் பாய்தானா?"

பாய்தான். இந்த மாதிரி நேரத்துல ராஜகுடும்பம் அங்க போய், செருப்பைக் கழட்டிட்டு, ஒவ்வொரு பாய் முன்னாடியும் மண்டி போட்டு ஆறுதல் சொல்லணும். அது அவங்க வழக்கம். ஷியோரி, "நான் போறேன்"னா. குரோடா யோசிச்சார். "போகலாம். ஆனா எல்லா பாயும் ஒண்ணு. ஒரு பாய்க்கு ரெண்டு கேள்வி, ஒரு ஆறுதல். அழக் கூடாது. அம்மான்னு கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா அந்த நிமிஷமே கார்ல ஏறணும். மிச்ச ஜனம் ஏமாந்துதான் உக்காந்திருக்கும்."

ம் சொல்லு.

"...ம்."

போனா. மண்டி போட்டா, கேட்டா, நகர்ந்தா. ஜன்னலோரத்துப் பாய்ல, அம்மா! பக்கத்துல குரோடா.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன், இளவரசி."

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

"ஒரே பொண்ணு. நல்ல இடத்துலதான் குடுத்திருக்கேன். ஆனா அங்க முழங்கையை மடக்கிக் கட்டி வெச்சிருக்காங்க போல. டிவியில பாத்தேன்."

"க்கும்!" இது குரோடா.

"உடம்பைப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு ஷியோரி எழுந்தா. ஆனா அழல.

அடுத்த பாய். மண்டி போட்டு நிமிர்ந்து பாத்தா, அங்கயும் அம்மா! தலையில துண்டு. சர்ர்ர்னு பின்பக்கமா நகர்ந்து வந்து உக்காந்திருக்கா. அந்தப் பாய்ல இருந்தவர், மீன் விக்கறவர், ஓரமா ஒதுங்கி இடம் விட்டிருக்கார்.

"கடை என்னாச்சு?"

"தண்ணி கொண்டு போயிடுச்சு. சூப்புப் பானை மட்டும் மரத்துல மாட்டிக்கிட்டுத் தொங்குது."

"மறுபடி போடுவீங்களா?"

"பானை எறங்கட்டும், போடுவேன்."

குரோடா குனிஞ்சு பாத்தார். "இவங்களை இப்பதானே பாத்தோம்?"

மீன்காரர் மூஞ்சியை மாத்தாம, "எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே ஜாடைங்க ஐயா"ன்னார்.

ஹால்ல ஒருத்தரும் சிரிக்கல. ஒரு கொழந்தை சிரிக்கப் பாத்துச்சு, அதோட ஆயா வாயைப் பொத்திட்டா.

குரோடா மீன்காரரைப் பாத்தார். துண்டைப் பாத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். தொடைச்சார், தொடைச்சார், தொடைச்சுக்கிட்டே அந்தப் பக்கம் போயிட்டார்.

மூணாவது பாய். அங்க ஒரு அம்மா, தடி பிரேம் கண்ணாடி மாட்டிக்கிட்டு. அதோட ஒரு காலுல வெள்ளை நூல்.

ஷியோரி ரெண்டு கையாலயும் அம்மா கையைப் புடிச்சுக்கிட்டா. வயசானவங்க கையைப் புடிக்கறதுக்கு அனுமதி உண்டு.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"இத்தனை நாள் வரல. இன்னிக்கு வரும்."

ரெண்டாவது கேள்வி கேக்காம ஷியோரி கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தா. அம்மாவே மெதுவா, "சரி, அடுத்த பாய்ல காத்திருக்காங்க, போங்க"ன்னா. ஷியோரி போனா. கடைசிப் பாய் வரைக்கும் போனா.

திரும்பும்போது கார்ல கேட்டா, "உங்க கண்ணாடி எங்க?"

"எங்கயோ வெச்சுட்டேன், இலவரஸி. அது இல்லாம எனக்கு ஒரு மூஞ்சியும் தெரியாது." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "இன்னிக்கு ஒரு தப்பும் நடக்கல"ன்னார்.

வெளிய ஜனங்க நின்னாங்க. ஷியோரி கையாட்டினா. முழங்கை வரைக்கும்.

"அக்கா... கண்ணாடிய அவரே குடுத்துட்டாரா?"

எனக்கென்ன தெரியும், நான் கார்லயா இருந்தேன்? ம் சொல்லு.

...

ம் வரல. சரி. கதை கார் ஏறிப் போச்சு, பாய் இங்கயே இருக்கு. தூங்கு.