வெறும் உரல் குத்தும் ஊர்

ணங்... ணங்... ணங்...

முதல்ல சத்தந்தான் கேட்டுச்சாம், ஊரு கண்ணுலயே படல. அம்மி கொத்துற சடச்சி, பனங்காட்டுப் பாதையில அப்படியே நின்னுட்டா. ஏன் நின்னா? உளி பிடிச்சு இருபது வருசமான காது அது. நெல்லு கிடந்தா உரல் 'தொம்'முங்கும், கம்பு கிடந்தா 'தொதுக்'குங்கும். இது வெறும் உரல். உச்சி வெயில்ல ஒரு ஊரே சேந்து வெறும் உரலைக் குத்துது!

அந்தா மழை மறந்துபோன கரிசக்காட்டுல, கல்லுப்பொட்டல்னு இருந்த ஊரு அது. தண்ணி குடிக்கணுமே, சடச்சி உள்ள போனா.

முதல் வீட்டுல கேட்டா, "ஏந்தாயி வெறும் உரலைக் குத்துறீக?" கதவைச் சாத்திட்டாக. ரெண்டாவது வீட்டுல கேட்டா, "கேக்காதே, கொத்திட்டுப் போயிரு"ன்னாக. மூணாவது வீடு ஒச்சம்மா வீடு. தண்ணி குடுத்தா, கொத்தச் சொல்லி அம்மியையும் எடுத்துப் போட்டா.

சடச்சி உளியையும் சுத்தியையும் அவ கையில நீட்டுனா. "எங்க தொழில் முறை ஆத்தா. முதல் கொத்து கல்லுக்கு உடையவுக கை. அதுக்கப்புறந்தான் எங்க கை."

ஒச்சம்மா ஒரு தட்டுத் தட்டிட்டு, பக்கத்துல உக்காந்து சொன்னா.

"எங்க பாட்டன் காலத்துப் பஞ்சம். ஊரு வரகையெல்லாம் 'பத்திரமா வைக்கிறேன்'னு வாங்கித் தன் கொல்லைக் குழியில போட்டு, மேல உரலை நட்டுட்டான் அப்ப இருந்த நாட்டாமை. பூவாயின்னு ஒருத்தி, மூணு பிள்ளை. கஞ்சி வருதுன்னு பிள்ளைக நம்பட்டும்னு வெறும் உரலைக் குத்துனா. முதல் நாள் பிள்ளைக காத்துக் கிடந்துச்சுக. ரெண்டாம் நாளும் காத்துக் கிடந்துச்சுக. மூணாம் நாள் எந்தப் பிள்ளையும் கேக்கல."

சடச்சி உளி நின்னுபோச்சு.

"பூவாயி நேரா நாட்டாமை வீட்டுக்குப் போனா. 'ஒரு கை வரகு குடு சாமி'ன்னா. 'உரலு சும்மாத்தான் கிடக்கு, குத்திக்கோ'ன்னு சிரிச்சான். குத்துனா, குத்துனா, குத்திக்கிட்டே விழுந்தா. அதுக்கப்புறம் அந்த உரலைத் தொட்ட கை உலக்கையைப் பிடிக்கும், பிடிச்சா விடாது. மூணு பேரு தொட்டாக, மூணு பேரும் குத்திக் குத்தியே செத்தாக. அதான் உச்சிப்பொழுதுக்கு வீட்டுக்கு மூணு குத்து. 'நீ உக்காரு பூவாயி, நாங்க குத்துறோம்'னு."

அம்மி பாதிதான் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு ஆளுக வந்து நின்னானுக.

"ஏ கல்லுக்காரி, நாட்டாமை கூப்பிடுறாரு."

இப்ப நாட்டாமை மாயழகு, அந்தப் பழையவனோட பேரன். இந்த வருசமும் மழை இல்ல, அவன் குதிரும் காலி. ஆனா உரலுக்கடியில கிடக்குற வரகு நினைப்பு மட்டும் காலியாகல.

கொல்லையில உரலு நிக்குது. பக்கத்துல உலக்கை சாஞ்சிருக்கு. பாத்தா நேத்துக் குத்துன மாதிரி உலக்கை நுனி வெள்ளையா இருக்கு. அம்மாடி!

"இந்த உரலை நாலு துண்டாக் கொத்திப் போடு" ன்னான் மாயழகு. "மாட்டேன்னா ஊரெல்லையைத் தாண்ட மாட்ட. அயலூர்க்காரிக்கு என்ன ஆனாலும் கேக்க நாதி ஏது?"

சடச்சி தன் கையைப் பாத்தா. இந்தக் கை போச்சுன்னா வீட்டுல கண்ணு தெரியாத ஆத்தாவுக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கா? வேலிக்கு அந்தப்பக்கம் ஊரே கூடிருச்சு, ஒருத்தரும் உள்ள வரல. பயத்துல அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உளியை நீட்டுனா.

"முதல் கொத்து உடையவுக கை, சாமி."

"நீயே கொத்துடி!"

"உங்க கல்லு இல்லைங்களா அப்ப? யாரு கல்லுன்னு சொல்லுங்க, அவுககிட்ட நீட்டுறேன்."

வேலியோரத்துல இருந்து ஒச்சம்மா குரல் குடுத்தா, "அவரு கல்லு இல்லேன்னா ஊருக் கல்லுடி. அடியில கிடக்குறதும் ஊரு வரகுதான்!"

"ஆமா, ஊரு வரகு!" ன்னு இன்னொரு குரல். "ஊரு வரகு!" ன்னு பத்துக் குரல்.

மாயழகுக்கு முகம் செவந்துபோச்சு. பயம் ஒரு பக்கம் இழுக்குது, ஆசை ஒரு பக்கம் இழுக்குது. எது செயிச்சுச்சுன்னு நீங்களே சொல்லுங்க? "எங்கப்பன் பாட்டன் கல்லு, என் கல்லுடா!" ன்னு உளியைப் பிடுங்கி ஓங்கி ஒரு கொத்துக் கொத்துனான்.

சுத்தி விழுந்துச்சு. உளி விழுந்துச்சு. கை தானாப் போயி உலக்கையைப் பிடிச்சுச்சு.

ணங்! "விடு"ன்னான், விடல. ணங்! "யாராவது பிடிங்கடா"ன்னான், ஒருத்தரும் கிட்டப் போகல. ணங்! "பூவாயி, தாயி..."ன்னான். இருந்தாப்புல உரலு ரெண்டாப் பொளந்துச்சு. அடியில இருந்து வரகு பொங்கி வந்துச்சு. வரகு கெடுமா? மண்ணுக்குள்ள எத்தனை வருசம் இருந்தாலும் கெடாது.

உரலு போயும் கை நிக்கலியே! வெறும் மண்ணைக் குத்துறான். ஒச்சம்மாதான் தன் உரலை உருட்டிக்கிட்டு வந்து, அவன் முன்னால வச்சு, ரெண்டு படி வரகைப் போட்டா. அவளுக்கு அடுத்தவ போட்டா, அடுத்தவ போட்டா. ஊரு வரகு பூராவும் உமி போற வரைக்கும் அவன் கை நிக்கலியாம்.

பசிச்சவளுக்கு வெறும் உரலைக் காட்டுன வீட்டுல, ஊரு அன்னிக்குக் கஞ்சி குடிச்சுச்சு, கதை கேட்ட நாமளும் குடிச்சோம்.

சடச்சி உளி சுத்தியைப் பொறுக்கி எடுத்துக்கிட்டு, கையைச் சேலையில தொடைச்சுக்கிட்டு, ஒச்சம்மா வீட்டுக்குத் திரும்பிப் போனா. அம்மியில பாதி இன்னும் வழவழன்னு கிடந்துச்சு. உக்காந்து, விட்ட இடத்துல இருந்து கொத்த ஆரம்பிச்சா.