குமிழைத் தொட்ட கை

சிறுத்தையைச் சுட்டான். ஆடு செத்தது.

சுட்டவன் ஜடையப்பன். ஆயுதப்படைக் காவலர். தலை நரைத்தவன். அந்தச் சிறுத்தை மலையில் இரண்டு பேரைக் கொன்றிருந்தது. சுடச் சொல்லி உத்தரவு. ஆட்டைக் கட்டிவைத்துக் காத்திருந்தான். வந்தது. சுட்டான். மீதியைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான். மூடுபனிக்குள் ஒரு சுடுதளம். அங்கே ஒரு வாத்தியாரம்மா. பெயர் அல்போன்சா. அவனைவிட இளையவள். காவலர் முகாமில் பாதிப் பேருக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவள்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“ஸ்கோப் சரியில்ல, வாத்தியாரம்மா.”

துப்பாக்கி மேல் பூட்டுகிற தொலைநோக்கியைச் சொன்னான்.

“இது எத்தனாவது, அண்ணே?”

“மூணாவது. முன்ன வாங்கின ரெண்டும் இப்படித்தான்.”

“துப்பாக்கி?”

“பழைய எஸ்.எல்.ஆர். அடுத்த குண்டைத் தானே ஏத்திக்கும். தங்கம்.”

“அப்ப கோளாறு கண்ணாடியிலதான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவள் ஸ்கோப்பைப் பார்க்கவில்லை. அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாள். துப்பாக்கியின் முதுகை மூடும் தகடு. மெல்லிசு. சுத்தம் செய்ய இழுத்தால் கையோடு வந்துவிடும்.

“உங்க மூக்குக்கண்ணாடியக் குடுங்க.”

கொடுத்தான்.

அதைக் கஞ்சிப்பானை மூடிமேல் வைத்தாள். மூடி குதித்தது. கண்ணாடியும் குதித்தது. பானைக்கு அந்தப் பக்கம் செய்தித்தாளை விரித்துப் பிடித்தாள்.

“அது வழியாப் பாத்துப் படிங்க.”

“விளையாடறீங்களா?”

“படிங்க, அண்ணே.”

குனிந்தான். எழுத்து ஆடியது. ஆவி முகத்தில் அடித்தது. கண்ணாடி சரிந்து சாம்பலில் விழுந்தது.

“விலை கூடினதா ஒண்ணு வாங்கிக்குங்க,” என்றாள்.

அவன் கண்ணாடியை எடுக்கவில்லை. துப்பாக்கியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தகடு போயிற்று. கனத்த இரும்பு மூடி ஒன்று வந்தது. அதைத் துப்பாக்கியின் உடம்போடு திருகு போட்டு இறுக்கினான். ஸ்கோப்பை அதன்மேல் பூட்டினான்.

“எதைப் பூட்டினீங்க?”

“பெருசு. பன்னிரண்டு மடங்கு காட்டும்.”

“பாருங்க. என்ன தெரியுது?”

படுத்துப் பார்த்தான். பனி. பனிக்குள் ஒரு வட்டம். அது எழுந்தது, தாழ்ந்தது. எழுந்தது, தாழ்ந்தது.

“என் நாடி,” என்றான்.

“அதையா சுடணும்?”

சின்னதை எடுத்துப் பூட்டினான். நாலு மடங்கு. அதற்குள் சத்தமே இல்லாத ஓர் உலகம். தைலமரம் ஒன்று நின்றபடியே தூங்கியது. அதன் அடியில் இலக்குப் பலகை.

சுட்டான். இடப்பக்கம் போயிற்று. ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழைத் திருகினான். சுட்டான். வலப்பக்கம். திருகினான். மறுபடி இடப்பக்கம். திருகினான்.

பனி பலகையை மூடியது. திறந்தது. பலகை முழுக்க ஓட்டை. நடுவில் மட்டும் இல்லை.

“இன்னும் எதுல கோளாறு?”

“கையில. மூணு குண்டு சுடுங்க. குமிழைத் தொடாம.”

“முதல் குண்டே தப்பாப் போனா?”

“போகட்டும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

சுட்டான். கை தானாகக் குமிழுக்குப் போனது. இழுத்துக்கொண்டான். மறுபடி சுட்டான். மறுபடி போனது.

“முடியல, வாத்தியாரம்மா. தப்புன்னு தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியல.”

“எப்பலேருந்து?”

“ஆடு செத்ததுலேருந்து.”

அவள் ஊருக்கு ஆள் அனுப்பினாள்.

மதியம் பனி ஒரு பெண்ணை வெளியே விட்டது. சிக்கம்மா. கையில் ஆடு மேய்க்கிற கோல். மேய்க்க ஆடில்லை. சிறுத்தை முதலில் தூக்கியது அவள் புருஷனை. இருந்த ஒரே ஆட்டை அவளேதான் கொண்டுவந்து இரையாகக் கட்டக் கொடுத்திருந்தாள்.

ஜடையப்பன் எழுந்து நின்றான்.

“இந்த ஆள்தானே?” என்றாள்.

“இவருதான். பக்கத்துல உக்காரு, சிக்கம்மா. கை அந்தக் குமிழுக்குப் போனா அடி.”

“எவ்வளவு பலமா?”

“உன் இஷ்டம்.”

சுட்டான். இடப்பக்கம். கை போனது. கோல் இறங்கியது.

“ஐயோ!”

“என் ஆடு இப்படிக் கத்தக்கூட இல்லையே,” என்றாள்.

இரண்டாவது குண்டு. கை பாதி வழியில் நின்றது. கோல் நிற்கவில்லை.

“தொடவே இல்லையேம்மா!”

“நெனச்ச இல்ல?”

மூன்றாவது குண்டு. சத்தம் மலைக்குள் போய், யாரையோ தேடிவிட்டு, மெல்லத் திரும்பியது. கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

பனி விலகியது. மூன்று ஓட்டையும் ஓர் உள்ளங்கைக்குள். நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி.

“மூணும் தப்பு,” என்றான்.

“ஒரே தப்பு,” என்றாள் வாத்தியாரம்மா. “இப்பத் திருகுங்க.”

கையைக் கொண்டுபோனான். சிக்கம்மா கோலை ஓங்கினாள்.

“இதுக்கு அடிக்காதே, சிக்கம்மா.”

“முன்னாலேயே சொல்றதுக்கென்ன?” என்று கோலை மடியில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த குண்டு நடுவில்.

அந்தி. சிறுத்தை தண்ணீர் குடிக்க வரும் ஓடை. பனி தரையோடு தரையாக நகர்ந்தது. ஜடையப்பன் வட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே கிடந்தான். தான் விழித்திருக்கிறோமா என்றுகூட அவனுக்குச் சந்தேகம். பனியில் ஒரு துண்டு மட்டும் தனியாக நடந்தது. அதற்குப் புள்ளிகள் வந்தன. தலை வந்தது. தண்ணீரைத் தொட்டது.

சுட்டான்.

கரையில் அது தூங்குவதுபோல் கிடந்தது. தண்ணீரில் வட்டங்கள் மட்டும் வெகுநேரம் விரிந்துகொண்டிருந்தன.

வனத்துறை ரேஞ்சர் ஓடிவந்தார்.

“ஒரே குண்டா! போன தடவை ஆட்டுல பட்டுச்சே. ஸ்கோப்பை மாத்திட்டியா?”

“மாத்தினேன், ஐயா. அதுக்கப்புறமும் தப்பாத்தான் போச்சு.”

“அப்புறம் யாரு சரி பண்ணது? வாத்தியாரம்மாவா?”

ஜடையப்பன் வீங்கிப்போன விரல்களைத் தடவிக்கொண்டான்.

“சிக்கம்மா,” என்றான்.