கூட வந்தவன்

ஒரு சின்ன நகராட்சியில் தண்ணீர் ஒருத்தி இருந்தாள். ஆற்றில் பிறந்து, மோட்டார் இழுத்த இழுப்பில் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்து விழுந்தவள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். தன்னைக் குடித்துவிட்டு யாராவது வாயாரப் புகழ வேண்டும்.

அதற்காக அவள் படாத பாடு பட்டாள். படிகாரம் அவள் மேலிருந்த சேற்றையெல்லாம் திரட்டி அடியில் உட்கார வைத்தது. மணல் அவளைத் தன் மேல் படுக்க வைத்துச் சலித்தது. வேலை முடிந்ததும் இரண்டும் நிலையத்து வாசலோடு நின்றுகொண்டன. அதனாலேயே அவற்றின் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

பிடிக்காதவன் ஒருவன் உண்டு, குளோரின். ஊரார் அவனை மருந்து என்பார்கள். ஊருக்குத் தண்ணீர் விடும் உயரத் தொட்டிக்கு ஏறும் வழியில் வந்து ஒட்டிக்கொள்வான், கடைசித் தெரு வரை விட மாட்டான். மூக்கைத் துளைக்கிற நெடி. பேச்சும் அப்படித்தான்.

"படிகாரம் போயிடுச்சு, மணல் போயிடுச்சு. உனக்கு மட்டும் வீடு வாசல் கிடையாதா? எதுக்கு என் பின்னாலயே வர்றே?" என்றாள் தண்ணீர்.

"கழுவி விடறது அவங்க வேலை. கூட வர்றது என் வேலை."

"எனக்கு வழி தெரியாதா?"

"தெரியும். வழியில யார் நிக்கிறாங்கன்னு தெரியாது."

தண்ணீர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவன் கூட இருக்கிற வரை தன்னை யார் புகழப் போகிறார்கள்?

தொட்டிக்குப் பக்கத்திலேயே முதல் தெரு. அங்கே மருந்து அப்போதுதான் புறப்பட்டு வந்த முறுக்கோடு இருப்பான். அந்தத் தெரு சண்முகவடிவு ஒரு வாய் குடித்துவிட்டு வாசலிலேயே துப்பினாள். அந்த நேரம் பார்த்துத் தொட்டி ஆபரேட்டர் ஞானதுரை சைக்கிளில் வந்து மாட்டிக்கொண்டான்.

"ஏம்ப்பா, இது குடிக்கிற தண்ணியா, கக்கூஸ் கழுவுற தண்ணியா? காப்பியிலயும் இந்த நாத்தம்தான் வருது!"

"கடைசித் தெரு வரைக்கும் போகணும்லாக்கா. அங்க போய்ச் சேருததுக்குள்ள மருந்து கொறஞ்சிரும். அதான் இங்க கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"கடைசித் தெருக்காரனுக்காக நான் நாத்தத்தக் குடிக்கணுமோ? இரு, கவுன்சிலர்ட்ட சொல்லுதேன்."

சொன்னாள். தெருவே சேர்ந்து சொன்னது. ஞானதுரையும் எத்தனை பேரிடம்தான் பேச்சு வாங்குவான்? மறுநாள் காலையில் மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டான்.

தண்ணீருக்குத் தலைகால் புரியவில்லை. மெலிந்துபோய் வந்த மருந்தைப் பார்த்து, "இன்னிக்குத்தான் உன் பக்கத்துல மூச்சு விட முடியுது" என்று சிரித்தாள்.

"சிரிச்சுக்கோ. இந்தத் தெருவோட ஊர் முடிஞ்சுடலே" என்றான் அவன்.

முதல் தெருவில் அன்று யாரும் துப்பவில்லை. புகழவும் இல்லை. வாளி நிறைந்ததும் குழாயை மூடிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டாவது தெருவிலும் அதே கதை. தண்ணீருக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த தெருவிலாவது ஒருத்தர் சொல்ல மாட்டாரா என்று இன்னும் வேகமாக ஓடினாள்.

சந்தையைத் தாண்டியதும் குழாய் சாக்கடைக்கு அடியில் போகிறது. அங்கே ஓர் இணைப்பில் மெல்லிய வெடிப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், கிடைக்கிற வரை கிடைக்கட்டும் என்று குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். அந்த உறிஞ்சலில் சாக்கடை வெடிப்பு வழியாகக் கொஞ்சம் உள்ளே வந்தது. அதன் நிறமும் நாற்றமும் தண்ணீரின் பெருக்கில் கரைந்து போயின. அதில் வந்த கிருமிகள் மட்டும் கரையவில்லை.

"அக்கா, நாங்க இத்தனூண்டுதான். ஓரமா ஒட்டிக்கிட்டு வர்றோம். எங்களுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது" என்றன கிருமிகள்.

வாடை கிடையாது என்றதும் தண்ணீர் மயங்கிவிட்டாள். வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மருந்து அவற்றின் மேல் பாய்ந்துவிட்டான்.

ஒவ்வொரு கிருமியோடும் அவன் கட்டிப் புரண்டான். ஒன்றை அழித்தால் அவனிலும் கொஞ்சம் அழிந்தது. தண்ணீர் திகைத்துப் போனாள்.

"இவங்க தினமுமா வர்றாங்க?"

"தினமும்தான். நீ எங்கே என்னைப் பார்த்தே? முகத்தைத் திருப்பிக்கிட்டுல்ல வந்தே."

"இனிமே திருப்ப மாட்டேன். எந்திரி, வா, போகலாம்."

"நேத்து மாதிரி வந்திருந்தா இவங்களை முடிச்சுட்டு மிச்சமும் இருந்திருப்பேன். இன்னிக்கு இவ்வளவுதான்."

அதற்கு மேல் அவன் குரல் கேட்கவில்லை. கிருமிகள் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தன. கையைக் கோத்துக்கொண்டு அவளோடு புறப்பட்டன.

தண்ணீர் திரும்பிப் போகப் பார்த்தாள். பின்னால் வந்த பெருக்கு நெட்டித் தள்ளியது. நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடுவதற்குப் பயந்தாள். கடைசித் தெரு வந்தது, கடைசிக் குழாயும் வந்தது. பேச்சித்தாய் குடத்தை வைத்துத் திருகினாள்.

"கொஞ்சம் நாறக்கூடாதா? கொஞ்சம் கலங்கக்கூடாதா?" என்று தன்னைத் தானே கெஞ்சியபடி குடத்துக்குள் விழுந்தாள் தண்ணீர். விழுந்தவள் பளிங்கு போலத் தெளிந்து நின்றாள்.

பேச்சித்தாய் ஒரு டம்ளர் மொண்டு மோந்து பார்த்தாள். "ஏங்க, இன்னைக்கு மருந்து வாடையே இல்ல, பாருங்களேன்! என்ன அருமையா இருக்கு!"

"அப்ப காய்ச்சாண்டாம்லா. வாடைக்காகத்தான காய்ச்சுதோம்" என்றான் வீட்டுக்காரன், சட்டையை மாட்டிக்கொண்டே.

"அம்மா, தண்ணி" என்று பிள்ளை வந்து நின்றது. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தது.

"நல்லா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் தா."