மயிலார் போட்ட மறைகுரல்

ஓடைக்கரைக் காட்டில் ஒரு மயில் இருந்தது. காட்டின் காவல் பொறுப்பு அதனிடம்தான். காவல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தோகையைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் நிற்பது.

ஒருநாள் மயில் புதுச் சட்டம் போட்டது. இரை தேடிவிட்டுத் திரும்பும் தாய்ப்பறவைகள், "ஆபத்து இல்லை, வெளியே வா" என்று குஞ்சுகளை வெளிப்படையாகக் கூப்பிடக் கூடாதாம். அதற்குப் பதில் ஒரு மறைகுரலாம். இரண்டு கூவல், ஒரு கிறீச்சல், கடைசியில் நீளமாக ஒரு விசில். எல்லாத் தாய்க்கும் ஒரே குரல், எல்லா நாளும் அதே குரல்.

சூரைப்புதருக்குள் மூன்று குஞ்சுகளை வளர்த்துவந்த கௌதாரிக்கு இது சரியாகப் படவில்லை.

"ஐயா, தினமும் இதே குரல் கேட்டால் யாராவது பிடித்துக்கொள்ள மாட்டார்களா?"

"பொருள் தெரியாதவன் பிடித்து என்ன செய்வான்? பெரியவர்கள் யோசித்துச் செய்ததில் மூக்கை நுழைக்காதே" என்றது மயில்.

பெரிய யோசனை! குஞ்சு வளர்ப்பது பற்றி அதற்கு என்ன தெரியும்? அதெல்லாம் பெண்மயிலின் பாடு.

புதருக்கு மேலே கிளையில் ஒரு கரிச்சான் குருவி. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதற்கும் காட்டுப்பூனைக்கும் ஒரு கூட்டு. பூனை பாயும்போது புதரிலிருந்து கிளம்பும் பூச்சிகள் கரிச்சானுக்கு, குஞ்சு பூனைக்கு. மறைகுரலின் பொருள் கரிச்சானுக்குத் துளியும் தெரியாது. ஆனால் அதைக் கேட்டதும் குஞ்சுகள் வெளியே ஓடிவருவதை அது பார்த்திருந்தது. அது போதாதா?

கௌதாரி ஓடைப்பக்கம் போன நேரம் பார்த்துக் கரிச்சான் குரல் கொடுத்தது. அம்மாதான் என்று நம்பி மிளகு என்ற குஞ்சு முதலில் ஓடிவந்தது. பூனை அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

கௌதாரி அழுதுகொண்டே மயிலிடம் ஓடியது. மயில் சாவகாசமாக விசாரித்தது. கரிச்சானை அழைத்து, மறைகுரலுக்குப் பொருள் தெரியுமா என்று கேட்டது. தெரியாது என்று கரிச்சான் சத்தியம் செய்தது. அது பொய்யும் இல்லை.

"பார்த்தாயா? என் மறைகுரலை யாரும் உடைக்கவில்லை. அது பத்திரமாக இருக்கிறது" என்றது மயில்.

பத்திரமாக இருக்கிறதாம்! குஞ்சு பூனையின் வயிற்றில், குரல் மட்டும் பத்திரம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அதன்பின் கௌதாரி மயிலின் குரலைத் தொடவில்லை. தினமும் காலையில் மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளையும் அடர்ந்த கோரைப்புல்லுக்குள் நடத்திக்கொண்டு போகும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்று புற்று, அடுத்து கள்ளி, அடுத்து வழுக்குப்பாறை என்று போனால் நாளைக்கு வேறு வரிசை. அம்மா திரும்பி வந்து கூப்பிட்டால், குஞ்சு அன்றைய வழியில் ஓர் இடத்தைச் சொல்லும். அதற்கு அடுத்த இடம் எது என்று அம்மா சொல்ல வேண்டும். சொன்னால்தான் வெளியே வரும். ஒருமுறை கேட்டதை அன்றைக்கு மறுபடி கேட்காது.

கரிச்சான் மறுபடி வந்து விசில் அடித்தது.

"புற்றுக்கு அடுத்து?" என்றது உள்ளிருந்து கடுகு என்ற குஞ்சு.

முந்தின நாள் ஒட்டுக் கேட்ட பதில் கரிச்சானுக்கு நினைவிருந்தது. "கள்ளி" என்றது, கௌதாரியின் குரலிலேயே. அது நேற்றைய வழி. குஞ்சுகள் மூச்சுக் காட்டவில்லை. பூனை காத்திருந்து அலுத்துப்போய்க் கரிச்சானைத் திட்டிவிட்டுப் போனது.

விஷயம் மயிலின் காதுக்கு எட்டியது. சட்டத்தை மீறிவிட்டாய் என்று கௌதாரியிடம் சீறியது. இனி ஒவ்வொரு நாள் வழியையும் முதலில் தன்னிடம் சொல்லிவிட வேண்டும், பாதுகாப்புக்காகத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னது.

"உங்களிடம் சொன்னால், உங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதே கரிச்சான், அதனிடமும் சொன்ன மாதிரிதான். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டேன். இந்த இரண்டையும் கொடுக்க மாட்டேன்" என்றது கௌதாரி.

சுற்றிலும் மற்றத் தாய்ப்பறவைகள் கூடிவிட்டன. எங்களுக்கும் சொல்லிக்கொடு அக்கா என்று கெஞ்சின. கௌதாரி எதையும் மறைக்காமல், எல்லார் காதிலும் விழும்படி முறையை விளக்கியது. கரிச்சான் சிரித்தது.

"உன் வித்தை முழுக்க எனக்கும் தெரிந்துவிட்டதே!"

"நன்றாகத் தெரிந்துகொள். இன்று காலை நாங்கள் எந்த வழியாக நடந்தோம், சொல்."

கரிச்சான் கிளையை விட்டுப் பறந்துபோனது.

கூட்டத்தின் கடைசியில் பெண்மயில் தன் குஞ்சுகளோடு நின்றிருந்தது. மயிலுக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீயுமா? என் சட்டம் என்னவென்று தெரியுமா, தெரியாதா?"

"சட்டம் தெரியும். மிளகு போனதும் தெரியும்" என்றது பெண்மயில். பிறகு தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு கோரைப்புல்லுக்குள் நுழைந்தது.

காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக் கேள்வி கேட்கவிடாதவனை நம்பாதே. பூட்டின் வித்தை ஊருக்கே தெரிந்தாலும் சாவி உன்னிடமே இருக்கட்டும்.