பம்பர்நிக்கல் என்றால் என்ன?

ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா பக்கம் கேஷே என்றொரு ரொட்டிக்காரி இருந்தாள். ரை என்ற தானிய மாவில் அவள் சுடும் கறுப்பு ரொட்டியை ஊரார் 'பம்பர்நிக்கல்' என்பார்கள். இது புதிதாக வந்த பிரபு நிக்கோலஸின் காதில் விழுந்தது. நிக்கோலஸைச் சுருக்கினால் நிக்கல். பிரபுவுக்கு வந்ததே கோபம்! கேஷேயைச் சபைக்கு இழுத்து வரச் சொன்னார்.

"நிக்கல் நான். பம்பர் என்றால் என்னடி?"

சபையே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது.

"பொழுது சாய்வதற்குள் அர்த்தம் சொல். கெட்ட வார்த்தை ஒன்று வந்தாலும் உன் அடுப்பை இடிப்பேன். சொல்லாவிட்டாலும் இடிப்பேன்!"

அந்த அடுப்பை விட்டால் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு பிழைப்பில்லை.

"பிரபுவே, அர்த்தம் என் வாயில் இல்லை, ரொட்டிக்குள் இருக்கிறது. ஒன்றை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு இங்கேயே உட்காருங்கள். சாயங்காலத்துக்குள் விளங்காவிட்டால் அடுப்பை நானே இடிக்கிறேன்."

பிரபு வீம்பாக ஒரு ரொட்டியைத் தின்று தீர்த்தார். ஒரு மணி நேரம் போனது. முகம் சிவந்தது. இரண்டு மணி நேரம் போனது. நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தார். திடீரென்று டமார் என்று காற்று பிரிந்தது! காலடியில் படுத்திருந்த நாய் அலறிக்கொண்டு வெளியே ஓடியது.

"பம்பர் என்றால் அதுதான், பிரபுவே!" என்றாள் கேஷே.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. பிரபு எழுந்து, "நான் இல்லை!" என்று கத்தினார்.

"தாங்கள் எப்படிச் செய்வீர்கள்? நாற்காலிக்கடியில் ஒளிந்திருந்த குட்டிச்சாத்தான் செய்த வேலை அது. அவனுக்கும் நிக்கல் என்றுதான் பெயர். ரொட்டிக்கு அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அவன்தானே, பிரபுவே?"

பிரபு அவசரமாகத் தலையாட்டினார்.

"அவன்தான், அவனேதான்! அடுப்பு இருக்கட்டும், நீ போ!"