இரண்டு கல்லூரிக்கும் ஒரே வக்கீல்

கோவில்பட்டி கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் வக்கீல் அற்புதமேரியின் ஆபீஸ். அங்கே டைப் அடிக்க வந்தவள் செண்பகவல்லி. அடிக்க வந்தவள் கேட்க ஆரம்பித்தாள். கேட்டவள் படிக்க ஆரம்பித்தாள். தபாலிலேயே பி.ஏ. முடித்தாள். நாற்பதை நெருங்குகிற வயசில் இப்போது சட்டம் படிக்க இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பக்கத்து ஊரில், தினம் பஸ்ஸில் போய் வரலாம். மற்றது சென்னையில்.

குருவுக்கும் சிஷ்யைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசுதான். இருந்தாலும் செண்பகம் அவளை மேடம் என்பாள். அவள் இவளை நீங்க என்பாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கட்சிக்காரர்கள் எல்லாம் போன பிறகு, செண்பகம் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், திங்கக்கிழமை பதில் சொல்லியாகணும். எதுல சேர?"

"வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?"

"உன் இஷ்டம்னு சொன்னாரு."

"எப்படிச் சொன்னாரு?"

"சோத்துத் தட்டைப் பார்த்துக்கிட்டே."

"சரிதான்."

"நீங்களே சொல்லிருங்க மேடம். நீங்க எதைச் சொன்னாலும் போயிருதேன்."

"விசாரிக்காம எப்படித் தீர்ப்பு சொல்ல?"

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வழக்கானாலும் மனு எழுதுமுன் ஜூனியர் எழுந்து நின்று இரண்டு பக்கத்துக்கும் வாதாடிக் காட்டணும். முதலில் எதிராளிக்கு, அப்புறம் நம்ம ஆளுக்கு. மேடம்தான் ஜட்ஜ். செண்பகம் சுவரோரம் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டே அதை எவ்வளவோ கேட்டிருக்கிறாள். நின்று பேசினதில்லை.

"பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு முதல்ல பேசுங்க."

செண்பகம் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அத்தைக்கு முட்டி வலி. விடியக்காலம் வெந்நீர் வச்சு ஒத்தடம் கொடுக்க என்னை விட்டா ஆள் இல்ல. மக பன்னெண்டாவது. இந்த வருஷம் அவளைத் தனியா விட்டா அவ வாழ்க்கை போச்சு. எங்க டயர் கடையில சாயங்காலம் நான் உட்கார்ந்தாத்தான் அவர் வெளிவேலை பார்க்க முடியும். இங்கே படிச்சவங்க இதே கோர்ட்டுல நல்லாத்தானே இருக்காங்க. இந்த வயசுல போய் ஹாஸ்டல்ல சின்னப் பிள்ளைங்களோட வரிசையில நிக்கணுமா?"

ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"நல்லாப் பேசுதீங்க. இப்படி ஒரு ஆள் எதிர்க்கட்சியில வந்தா நான் வாய்தாதான் கேக்கணும்" என்றாள் அற்புதமேரி. "சரி, இப்போ சென்னைக்குப் பேசுங்க."

செண்பகம் முந்தானையை இன்னொரு தடவை இறுக்கிச் செருகினாள்.

"நல்ல கல்லூரி மேடம்."

"ம்."

"பெரிய லைப்ரரி இருக்காம்."

"பார்த்தீங்களா?"

"இல்ல. சொன்னாங்க."

"சொல்லக் கேட்டதெல்லாம் செல்லாது. மேலே சொல்லுங்க."

செண்பகம் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் சென்னை ஹைகோர்ட்டுல ஒரு கேஸ் கட்டைக் கொடுத்துட்டு வரச் சொன்னீங்களே."

"ஆமா."

"கொடுத்துட்டு உடனே வரல மேடம். வராந்தாவுல நின்னேன். ரயிலை விட்டுட்டேன்."

"எதுக்கு?"

"வக்கீலுங்க கூட்டமாப் போனாங்க. அதுல ஒரு அம்மா. என்னைவிட மூத்தவங்களாத்தான் இருக்கும். விறுவிறுன்னு போனாங்க. அவங்க கறுப்புக் கவுன் பறந்து என் கையில பட்டுச்சு. அவங்க திரும்பிக்கூடப் பார்க்கல. வீட்டுல வந்து, ரயில் லேட்டுன்னு சொல்லிட்டேன்."

மேடம் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாள்.

"அதுலருந்து எந்த மனு அடிச்சாலும், அடியில வக்கீல் கையெழுத்துக்கு இடம் விடுவேன்ல, அங்கே வந்ததும் கை நின்னுருது. அந்தம்மா எந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாங்கன்னு நான் பார்க்கல. அந்தக் கல்லூரியிலருந்து ஹைகோர்ட்டுக்கு நடந்தே போயிரலாம். அன்னைக்கு அது வழியாத்தான் வந்தேன். கேட்டுக்கு வெளியே நின்னு பார்த்தேன். மழை பெஞ்சிருந்துச்சு. புள்ளைங்க செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே ஓடுச்சு."

அதோடு நிறுத்திவிட்டாள். முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"இது வாதமே இல்ல மேடம். என்னமோ உளறிட்டேன். ஊர்க் கல்லூரிதான் ஜெயிக்கும், எனக்கே தெரியுது."

அற்புதமேரி பேனாவை மூடி வைத்தாள்.

"ஊர்க் கல்லூரிக்கு உங்க அத்தை வந்து சாட்சி சொன்னாங்க. மக வந்து சொன்னா. டயர் கடையும் வந்து சொல்லிட்டுப் போச்சு. நீங்க எப்போ கூண்டுல ஏறுவீங்கன்னு கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன் செண்பகம். அதுக்கு நீங்க வரவே இல்லையே. சென்னைக்குத்தான் ஏறினீங்க."