நாப்பது பேரு ஏறுன மலை

குருன்னா தாடி இருக்கணும்னு எவன் சொன்னான்? மாசாணிக்குத் தாடி கெடையாது. வயசு முப்பத்தி ரெண்டு. கால்ல ரப்பர் செருப்பு, தலையில மழைக்கு மடிச்சுப் போட்ட சாக்குக் கொங்காடை. ஆனமலைக்கு மேல ஒரு ஏலக்காத் தோட்டத்து ஆளு. காட்டுக்குள்ள ஒத்தையா நடக்கறதை அவகிட்டத்தான் கத்துக்கணும்னு அந்தப் பக்கம் ஒரு பேச்சு.

சிஷ்யப்புள்ளைக்கு வயசு அம்பத்தி ஆறு. பேரு நாச்சிமுத்து. பொள்ளாச்சி - உடுமலை லைன்ல முப்பது வருசம் தனியார் பஸ்ல கண்டக்டர். ஓனர் பஸ்ஸை வித்துட்டாரு. நாச்சிமுத்து மகன் வீட்டுக்குப் போனாரு. அங்க டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு பாய் விரிக்கற எடம் கெடச்சுது. ஆறு மாசம் படுத்துப் பார்த்தாரு. ஒரு நாள் காலையில பாயைச் சுருட்டி வெச்சுட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு மலைக்கு வந்துட்டாரு.

வேலை இதுதான். கீழ் கேம்ப்புல இருந்து மேல தோட்டத்துக்கு மருந்து, தபால், பேட்டரி சுமந்துட்டுப் போகணும். ஆறு கிலோமீட்டர். பூராவும் காடு. ஒத்தையாத்தான் போகணும். வேலை கெடச்சா மேலயே ஒரு அறை. கதவு இருக்கு, பூட்டு இருக்கு, சாவி அவரு கையில.

அதுக்கு மூணு நாள் நடந்து காட்டணும். காலையில தனியா ஏறி வரணும், சாயங்காலம் கூலியாளுங்களோட கூட்டமா எறங்கிக்கலாம். மூணாம் நாள் மாசாணி சரின்னா அறை. இல்லைன்னா செருப்பு ஸ்டாண்டு.

நாச்சிமுத்து ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு.

"குருவம்மா, காட்டுக்குள்ள தனியாப் போறதுக்கு மந்திரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"மந்திரமெல்லாம் இல்லீங்கண்ணா. தனியா வாங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானுங்களா! தீவாளிக்கு மொத நாளு நூத்திப்பத்துப் பேரைத் தனியாச் சமாளிச்சவனுங் நானு."

"அப்ப வாங்க, பார்ப்போம்"னுட்டு மாசாணி மேல போயிட்டா.

மொத நாள் காலையில நாச்சிமுத்து ஏறினாரு. மொத வளைவு தாண்டுனதும் கேம்ப்பு மறைஞ்சுது. சில்வண்டுச் சத்தம் கப்புன்னு நின்னுது. அவ்வளவு அமைதியை அவரு வாழ்க்கையில கேட்டதில்ல. சும்மா இருப்பாரா மனுசன்? வாயில விரலை வெச்சு ஒரு விசில்.

"போலாம் ரைட்ட்ட்!"

பஸ்ஸு கெளம்பிருச்சு. என்ஜின் சத்தம் அவரேதான். வாய் நெறைய வெத்தலையோட பேசற டிரைவர் ரங்கண்ணன் அவரேதான். "பின்னாடி போங்கய்யா, பின்னாடி என்ன பேயா இருக்குது?" அதுவும் அவரு. சில்லறை இல்லாத வாத்தியாரு, ஏறுன எடத்துலயே தூங்கற குடிகாரன், அப்புறம் ஆட்டோட வந்த ஒரு கெழவி.

"ஆட்டுக்கு எதுக்குடா டிக்கெட்டு? அது நின்னுக்கிட்டுத்தானே வருது!"

"அப்படின்னா நின்னுக்கிட்டு வர்ற அத்தனை பேரும் ஆடுங்களா ஆயா?"

ஆடும் கத்துச்சு. கெடிமேடு ஸ்டாப் வந்துச்சு, கோமங்கலம் ஸ்டாப் வந்துச்சு. மந்திங்க மரத்துக்கு மரம் தாவி ஓடுச்சு. ஆறு கிலோமீட்டர் போனதே தெரியல.

தோட்டத்தைச் சுத்தி யானை வராம இருக்க ஆழமா அகழி வெட்டியிருந்தாங்க. ஆளு வந்தா உள்ள இருக்கறவங்க ஒரு பலகையைத் தள்ளிப் போடணும், அதுல நடந்து வரணும். அந்தப் பக்கம் மாசாணி முறத்தை வெச்சுக்கிட்டு ஏலக்காய் பொடச்சுக்கிட்டிருந்தா. நாச்சிமுத்துவைப் பார்க்கல. அவருக்குப் பின்னால எட்டி எட்டிப் பார்த்தா.

"மத்தவங்கல்லாம் எங்கண்ணா?"

"நான் ஒருத்தன்தானுங் வந்தேன்."

"நாப்பது பேரு வந்த சத்தம் கேட்டுச்சே. ஒரு ஆடு வேற."

நாச்சிமுத்துக்கு வாயெல்லாம் பல்லு. "அத்தனையும் நாந்தானுங்! எப்படி? அசல் மாதிரியே இருந்துச்சுங்களா?"

"அசல் மாதிரியேதான். இந்தப் பலகை நாப்பது பேரைத் தாங்காதுங்கண்ணா. மருந்துப் பையை மட்டும் எறிங்க."

எறிஞ்சாரு. மாசாணி பிடிச்சா.

"அதுல ஒரு பொம்பளை, 'சன்னலைச் சாத்துங்க, காத்து மூஞ்சியில அடிக்குது'ன்னுச்சே. அது யாரு?"

நாச்சிமுத்து சிரிப்பு நின்னுது.

"என்ற சம்சாரமுங். போய்ச் சேர்ந்து மூணு வருசமாச்சுங்."

"பாவம், இவ்வளவு ஏத்தத்துல அவங்களை ஏன் நடக்க வெச்சீங்க? நாளைக்குக் கீழயே உக்கார வெச்சுட்டு வாங்க."

ரெண்டாம் நாள் நாச்சிமுத்து உஷாரு. 'சத்தம்தானே உனக்குப் பிரச்சினை? காட்டறேன் பாரு'ன்னு முடிவு பண்ணிட்டாரு. செருப்பைக் கழட்டி இடுப்புல சொருகினாரு. பாட்டில் ஒண்ணோட ஒண்ணு இடிக்கக் கூடாதுன்னு மருந்துப் பையைத் துண்டால வயித்தோட சேர்த்துக் கட்டினாரு. பார்த்தா ஏழு மாசக் கர்ப்பிணி. இருமல் வந்துச்சு, முழுங்கிட்டாரு. தும்மல் வந்துச்சு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டாரு. காய்ஞ்ச எலை இருந்தா சுத்திப் போனாரு. பூனை கூட அப்படிப் போகாது.

அகழிக்கு வந்து கல்லு மாதிரி நின்னாரு. மாசாணி தற்செயலா நிமிர்ந்தவ திடுக்கிட்டுப் போனா. முறம் கவுந்து ஏலக்காயெல்லாம் கீழ.

"எப்படீங் குருவம்மா? ஒரு எலை அசைஞ்சிருக்குமா?"

மாசாணி ஏலக்காயை அப்படியே உட்டுட்டு எந்திரிச்சா. பலகையைப் போட்டு இந்தப் பக்கம் வந்தா. அவரு மணிக்கட்டைப் பிடிச்சா. வந்த வழியிலயே ரெண்டு வளைவு கூட்டிட்டுப் போனா. காத்து பாதைக்குக் குறுக்கா அடிச்சுக்கிட்டிருந்துச்சு, ஆளு வாசனை முன்னால போகாது. ஒரு மரத்துக்குப் பின்னால நிறுத்தி, விரலை நீட்டினா.

மூங்கில் புதரு லேசா ஆடுச்சு. அப்புறம் புதருக்குள்ள ஒரு காது ஆடுச்சு. தாய் யானை. அதோட வயித்துக்கடியில குட்டி. பாதையோரம் லத்தி போட்டிருந்துச்சு, இன்னும் ஆவி பறந்துக்கிட்டிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஈர மண்ணுல நாச்சிமுத்துவோட காலடி, ஒவ்வொரு விரலும் தனித்தனியாப் பதிஞ்சு, அழகா, புதரை ஒட்டியே போயிருந்துச்சு.

"இது... இது எப்ப வந்துச்சுங்?" காத்துதான் வந்துச்சு வாயில இருந்து.

"அது வரல. காலையில இருந்து இங்கயேதான் நிக்குது. நீங்கதான் வந்தீங்க."

நாச்சிமுத்து ரெண்டு கையாலயும் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

"மனுசன் வர்றது தெரிஞ்சா அது வழி உட்டுரும்ணா. குட்டி பக்கத்துல திடீர்னு வந்து நின்னா, அதுக்கு என்ன தோணும்?"

ரெண்டு பேரும் அகழிக்குத் திரும்பினாங்க. மாசாணி அந்தப் பக்கம் போனா, மருந்துப் பையை வாங்கிக்கிட்டா, பலகையை இழுத்துக்கிட்டா.

"நேத்து நாப்பது பேரு வந்தாங்க. இன்னிக்கு ஒருத்தருமே வரல. நாளைக்கு நீங்களாவது வாங்க."

மூணாம் நாள் கெளம்பறதுக்கு முன்னால கேம்ப்புத் தண்ணித் தொட்டிகிட்ட நின்னு நாச்சிமுத்து பேசிப் பழகினாரு. "வணக்கம்"னாரு. ரேடியோ செய்தி மாதிரி வந்துச்சு. "ஏனுங்"னாரு. அது பஸ் ஓனரு. "சாமி"ன்னாரு. அது அந்த ஆட்டுக் கெழவி. தொண்டையில கையை உட்டுத் தேடாத கொறைதான். சொந்தக் குரலை முப்பது வருசமா யாரும் கேக்கல. அவரும் கேக்கல. அது எங்க கெடக்குதோ!

சரி, போற வழியில பார்த்துக்கலாம்னு ஏறிட்டாரு.

செருப்பைச் சாதாரணமாப் போட்டு நடந்தாரு. இருமல் வந்தப்ப இருமினாரு. கடைசி வளைவுக்கு முந்தின வளைவுல, பாதை நடுவுல, அதே தாய் யானை. குட்டி அதோட முன்னங்காலைச் சுத்தி வெளையாடுது.

'ரங்கண்ணா, வண்டியை நிறுத்து'ன்னு சொல்லப் பார்த்தாரு. ரங்கண்ணன் வரல. வாத்தியாரைக் கூப்பிட்டாரு, அவரும் இல்ல. கெழவி ஆட்டையும் ஓட்டிக்கிட்டு எப்பவோ எறங்கிப் போயிட்டா. அந்த மொத்தக் காட்டுக்குள்ள நாச்சிமுத்து மட்டுந்தான் நின்னாரு.

அப்பத்தான் அது வந்துச்சு. எண்ணெ காணாத கதவு மாதிரி ஒரு மெல்லிசுக் குரலு.

"நான்... நாச்சிமுத்துங். மேல வேலைக்குப் போறனுங். மருந்து கொண்டு போறேன். ஊரை உட்டுட்டு வந்துட்டேன். எனக்கு அங்க ஒரு எடம் வேணும். கொஞ்சம் வழி உட்டீங்கன்னா..."

யானை தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்துச்சு. அவரு நின்ன எடத்துலயே நின்னாரு. ஓடல. யானை குட்டியை முன்னங்காலால ஒரு தள்ளுத் தள்ளி, பள்ளத்துப் பக்கம் எறங்கிப் போயிருச்சு. மூங்கில் முறியற சத்தம் தூரமாப் போச்சு. வேட்டி நனைஞ்சுதான்னு கேக்காதீங்க. காலையில பனி ஜாஸ்தி.

மிச்ச தூரத்துக்கும் அந்தக் குரலு கூடவே வந்துச்சு. ஒவ்வொரு வளைவுலயும், "நாந்தானுங், வர்றேன்... நாந்தானுங்."

அகழிக்கு வந்தாரு. வேர்த்து ஊத்துது. மாசாணி அந்தப் பக்கம் பொடச்சுக்கிட்டே இருந்தா.

"குருவம்மா, மறைக்காம ஒண்ணு சொல்லிடறனுங். மொத நாளு எனக்குத் துளி பயமில்லீங். ரெண்டாம் நாளும் நெஞ்சை நிமுத்திக்கிட்டுத்தான் வந்தேன். இன்னிக்கு நடுங்கிப் போயிட்டனுங். இதோ பாருங்க, இன்னும் நிக்கல. ரெண்டு நாளு பயப்படாதவன் மூணாம் நாளு இப்படி ஆயிட்டனே. இந்த வேலைக்கு நான் ஆகமாட்டனுங்களா?"

மாசாணி முறத்தைக் கீழ வெச்சா. பலகையைத் தள்ளிப் போட்டா. அது ஆடாம இருக்க ஒரு முனையை மிதிச்சுக்கிட்டு நின்னா.

"அந்த ரெண்டு நாளும் நீங்க வரவே இல்லீங்களேண்ணா. வராத ஆளு எப்படிப் பயப்படுவாரு?"